மலை வீட்டுக்கு எந்தக் காபி மெஷின்?

கொடைக்கானலில் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருப்பதில்லை. 7,000 அடி உயரத்தில் 93 டிகிரி செல்சியஸுக்கே தளதளவென்று கொதித்துவிடும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் 95, 96. கீழே வத்தலக்குண்டுக்கு இறங்கினால் 99. பருப்பு வேகக் குக்கர் இல்லாமல் முடியாது என்பது மலையில் குடியிருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் காபி மெஷின் வாங்கும்போது மட்டும் இந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. சென்னையில் மச்சான் ஒன்று வாங்கினார், பிரமாதம் என்றார், நாமும் அதையே ஆர்டர் போடுவோம் என்றுதான் பெரும்பாலும் நடக்கிறது. அந்த மெஷின் சென்னையில் பிரமாதமாகத்தான் இருக்கும்.

உயரம் மட்டுமே பிரச்சினை என்று சொல்ல வரவில்லை. எந்த மெஷின் என்பதை முடிவு செய்பவை வேறு சில கேள்விகள். வீட்டில் குடிப்பது பால் காபியா, கறுப்புக் காபியா? தூளில் சிக்கரி உண்டா? காலை ஆறரை மணிக்கு ஒரே நேரத்தில் எத்தனை டம்ளர் வேண்டும்? மலையில் இதோடு நாலாவதாக ஒன்று: மழை பிடித்துக்கொண்டால் கரண்ட் எத்தனை மணிநேரம் போகும்? இவற்றுக்குப் பதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதி மாடல்கள் தானாகக் கழிந்துவிடும்.

மெஷினுக்குப் போகும் முன் வீட்டில் இருக்கும் ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை. மலையில் ஃபில்டர் காபி சரியாக இறங்கவில்லை, சப்பென்று இருக்கிறது என்று குறைபடுபவர்கள் அதிகம். காபியின் சாரம் நன்றாக இறங்கத் தண்ணீர் 90 முதல் 96 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கீழ்நாட்டில் கொதிக்கவைத்த தண்ணீரைச் சற்று ஆறவிட்டு ஊற்றினாலும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். கொடையில் அந்தச் சலுகை கிடையாது. 93-இல் கொதித்த தண்ணீர், ஜனவரி விடியலில் ஐஸ் மாதிரி கிடக்கும் பித்தளை ஃபில்டருக்குள் விழுந்ததும் பத்து டிகிரியை அந்தப் பாத்திரமே குடித்துவிடும். அப்புறம் என்ன இறங்கும்?

இதற்கு மருந்து எளிது. தூள் போடுவதற்கு முன்னால் ஃபில்டரின் இரண்டு பகுதிகளையும் கொதிநீரால் ஒரு முறை அலசி, துடைத்து, உடனே தூளைப் போட்டுக் குடையை வைக்க வேண்டும். தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு ஊற்ற வேண்டும். ஊற்றி முடித்ததும் மொத்த ஃபில்டரையும் சுடுதண்ணீர் உள்ள கிண்ணத்துக்குள் நிறுத்தி வைத்தால், டிகாஷன் இறங்குகிற இருபது, இருபத்தைந்து நிமிடமும் சூடு தங்கும். ஆறிப்போன டிகாஷனை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடும் பாவத்தையும் செய்ய வேண்டியிருக்காது. இதைப் பத்து நாள் செய்து பாருங்கள். அதற்கு மேலும் மெஷின் வேண்டும் என்று தோன்றினால் அது நியாயமான ஆசை.

அப்படித் தோன்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் ருசி இல்லை, நேரம். அந்த வகையில் முதலில் பார்க்க வேண்டியது எலக்ட்ரிக் டிகாஷன் மெஷின். டிரிப் காபி மேக்கர் என்று கடையில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் பல கம்பெனிகளில் கிடைக்கிறது. பின்னால் உள்ள தொட்டியில் தண்ணீர், நடுவில் வலைக்கூடை, கீழே கண்ணாடிக் குடுவை. சூடேறும் குழாய்க்குள் தண்ணீர் கொதித்து, அந்தக் குமிழிகளே அதை மேலே தள்ளித் தூளின்மேல் சொட்ட வைக்கின்றன. அதாவது இதுவும் கொதிநிலையை நம்பித்தான் இருக்கிறது. கொடையில் தூளின்மேல் விழும்போது தண்ணீர் 90-ஐ ஒட்டித்தான் இருக்கும். கெட்டுப்போகாது, ஆனால் கொஞ்சம் மெலிவாக இறங்கும்.

இந்த மெலிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த மெஷின்களில் பல, பால் கலக்காமல் பெரிய கோப்பை நிறையக் குடிக்கும் வெளிநாட்டுக் காபிக்காக அமைந்த வடிவம். தண்ணீர் தூளுக்குள் நிற்காமல் ஓடிவிடும். நமக்கு ஒரு பங்கு டிகாஷனுக்கு மூன்று பங்கு பால் ஊற்றினாலும் தாங்க வேண்டும். அதனால் குடுவையில் போட்டிருக்கும் கோட்டை நம்ப வேண்டாம். ஆறு கப் என்று எழுதியிருந்தால், பாதித் தண்ணீர் ஊற்றி, தூளை மட்டும் முழு அளவு போடுங்கள். 150 மில்லி டிகாஷனுக்கு 30 கிராம் தூள் என்பது நல்ல தொடக்கம். நாலு டம்ளர் காபிக்கு அது போதும். இன்னொரு வழி: பாதி சொட்டியதும் சுவிட்சை அணைத்துவிட்டு, இரண்டு நிமிடம் தூளை ஊறவிட்டு, மறுபடியும் போடுவது. இறங்குகிற டிகாஷனின் நிறத்திலேயே வித்தியாசம் தெரியும்.

கீழே இருக்கும் சூட்டுத்தட்டுதான் இந்த மெஷின்களின் சனி. குடுவையை அதன்மேலேயே அரைமணி நேரம் விட்டால் டிகாஷன் கருகிய கசப்புக்குப் போய்விடும். இறங்கியதும் சின்ன ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்துக்கொள்வது நல்லது. குளிரூரில் ஃபிளாஸ்க் இல்லாத வீடு ஏது?

தென்னிந்திய ஃபில்டர் காபிக்கென்றே, எவர்சில்வர் வடிகட்டியோடு வரும் மாடல்களும் இருக்கின்றன. கிடைத்தால் அதையே எடுங்கள். சிக்கரி கலந்த தூளை நைலான் வலையைவிட அவை நன்றாகத் தாங்கும். நாலைந்து பேர் உள்ள வீடு, எல்லோருக்கும் பால் காபி, தூள் 80:20 (காபி 80, சிக்கரி 20) என்றால் நான் இதற்கு மேல் தேடமாட்டேன்.

மோகா பாட் என்பதை மெஷின் என்று சொல்லலாமா என்று சிலருக்குச் சந்தேகம் வரும். கரண்ட் வேண்டாம், அடுப்பு போதும். இத்தாலியில் 1933-இல் அல்ஃபோன்சோ பியாலெட்டி என்பவர் சந்தைக்குக் கொண்டுவந்த எண்கோணக் கெண்டி இது. இன்றுவரை வடிவம் பெரிதாக மாறவில்லை. கீழறையில் தண்ணீர், நடுவில் தூள், மேலறை காலி. சூடேறும்போது கீழே உள்ள காற்றும் ஆவியும் விரிந்து, தண்ணீரைத் தூள் வழியாக மேலே தள்ளும். மூடிய அறைக்குள் அழுத்தம் ஏறுவதால் மலை உயரம் இதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஐந்தாறு நிமிடத்தில் கெட்டியான டிகாஷன் கைக்கு வந்துவிடும். அக்டோபர், நவம்பரில் மரம் விழுந்து ராத்திரி போன கரண்ட் மறுநாள் மத்தியானம்தான் வரும் என்கிற ஊர்களுக்கு இதைவிடத் தோதான பொருள் இல்லை.

வாங்கும் முன் மூன்று விஷயம். பெட்டியில் 'மூன்று கப்' என்று போட்டிருந்தால் அது இத்தாலிக்காரர் கப், ஐம்பது மில்லிக்குள். மொத்தமாக 150 மில்லி கூட வராது. நம் கணக்கில் பால் கலந்தால் மூன்று, நாலு டம்ளர். இரண்டாவது, அலுமினியப் பாட் இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யாது. இண்டக்‌ஷன் வைத்திருப்பவர்கள் எவர்சில்வர் அடிப்பாகம் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவதை எந்த விளம்பரமும் சொல்லாது: நம் ஊர் கேஸ் அடுப்பின் கால்கள் குக்கருக்கும் இட்லிப் பானைக்கும் அளவெடுத்தவை. மோகா பாட்டின் அடி உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அது அந்தக் கால்களுக்கு நடுவில் சாய்ந்து விழும். மேலே போடச் சின்னக் கம்பி வளையம் ஒன்று வேண்டும். பாத்திரக்கடையில் கிடைக்கும் அப்பளம் சுடும் கம்பித்தட்டே போதும். சின்னப் பர்னரில், தீ அடியைத் தாண்டி வெளியே நாக்கு நீட்டாதபடி வைக்க வேண்டும். இல்லையென்றால் கைப்பிடி உருகும்.

தூளை அமுக்கக் கூடாது. சிக்கரி 20 சதவீதத்துக்கு மேல் இருந்தாலோ, தூள் மாவு போல இருந்தாலோ தண்ணீர் ஏறாமல் திணறும். பக்கத்தில் இருக்கும் சேஃப்டி வால்வு அதற்காகத்தான். மேலே வந்த டிகாஷன் நுரைத்துப் புஸ்ஸென்று சத்தம் போடத் தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டால் கசப்பு நிச்சயம்.

சரி, எஸ்பிரெசோ மெஷின். ஆசை அதிகம் இதன்மேல்தான், பணம் வீணாவதும் பெரும்பாலும் இதில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

எஸ்பிரெசோ என்பது 90 முதல் 96 டிகிரிச் சூட்டில், ஒன்பது பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு) அழுத்தத்தில், நுண்ணிய தூள் வழியாக 25, 30 விநாடியில் தண்ணீரைத் தள்ளி எடுக்கும் காபி. 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காபி என்பது வழக்கமான அளவு. பெட்டியில் '15 பார்', '20 பார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பம்ப் தள்ளக்கூடிய அதிகபட்சம், அவ்வளவுதான். வேண்டியது ஒன்பது. மறுபக்கம், ஆறேழாயிரம் ரூபாய்க்கு விற்கும் பல மெஷின்களில் பம்பே கிடையாது. ஆவியைக் கொண்டு நாலைந்து பார் வரை ஏற்றுகிற வகை அவை. அதிலிருந்து வருவது மோகா பாட் காபியின் உறவுக்காரக் காபி. அதற்குப் பேசாமல் மோகா பாட்டையே வாங்கிவிடலாம். பம்ப் உள்ள, நம்பி வாங்கக்கூடிய மெஷின்கள் இருபதாயிரத்தை ஒட்டித்தான் தொடங்குகின்றன.

உயரத்தால் இதற்குப் பாதகம் இல்லை. பாய்லர் மூடியது, பம்ப் அழுத்தம் இருக்கிறது, வெளியே தண்ணீர் 93-இல் கொதித்தாலும் உள்ளே வேண்டிய சூட்டை எட்டிவிடும். மலைத் தண்ணீர் பொதுவாக மென்னீர் என்பதும் இதற்குச் சாதகம். திண்டுக்கல் பக்கத்துப் போர்த் தண்ணீரில் சில மாதத்திலேயே சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும் பாய்லர், ஓடைத் தண்ணீரில் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும்.

பிரச்சினை வோல்டேஜ். சூடேற்றும் கம்பியின் சக்தி வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட்டில் 1,000 வாட் தரும் மெஷின் 180 வோல்ட்டில் 610 வாட்டைத்தான் தரும். மலைக்கிராமங்களில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஹீட்டர் போட்ட பிறகு 180 என்பது ஆச்சரியமில்லை. மெஷின் சூடேற ஒன்றரை மடங்குக்கு மேல் நேரம் எடுக்கும். பம்பும் சோர்ந்து அழுத்தம் குறையும், காபி தண்ணீராக வரும், மெஷின் சரியில்லை என்று திருப்பி அனுப்புவோம். இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்றால், வீட்டில் பொதுவாக இருக்கும் 850 விஏ இன்வெர்ட்டர் விளக்குக்கும் டிவிக்கும் மட்டும்தான். நல்ல ஸ்டெபிலைசர் விலையையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். சமையலறைப் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய பங்களா வீடுகளில் பல இடங்களில் இருக்காது.

பாலுக்கு வருவோம். கப்புச்சீனோவுக்குப் பாலை ஆவிக்குழாயால் 60, 65 டிகிரி வரைதான் சூடேற்றுவார்கள். 70-ஐத் தாண்டினால் நுரை கெடும், பாலின் இனிப்பும் போகும். நாமோ அடுப்பிலிருந்து பொங்கி இறங்கிய பாலில் டிகாஷனைக் கலந்து, டபராவில் ஆற்றிக் குடித்துப் பழகியவர்கள். வெளியே ஒன்பது டிகிரிக் குளிரில் அந்தக் கப்புச்சீனோ மேசைக்கு வருவதற்குள் 'என்ன, ஆறின காபியைக் கொடுக்கிறாய்' என்று மாமியார் கேட்பார். அவர் கேட்பதில் தப்பில்லை. கோப்பையைச் சுடுநீரில் அலசி வைப்பது, காபி இறக்கும் முன் வெறும் சுடுதண்ணீரை ஒரு முறை, தூள் போடும் கைப்பிடிக் கிண்ணம் வழியாக ஓடவிடுவது எல்லாம் கொஞ்சம் உதவும். கொஞ்சம்தான்.

இன்னொன்று. ஆவிக்குழாயில் நல்ல நுரை வரப் பால் குளிர்ந்திருக்க வேண்டும். ஆவின் பாக்கெட் வாங்குபவர்கள் நேரே பிரிட்ஜிலிருந்து எடுத்துச் செய்யலாம். ஆரஞ்சு பாக்கெட்டில் ஆறு சதவீதக் கொழுப்பு இருப்பதால் காபிக்கு அது திடமாக நிற்கும். பக்கத்து வீட்டு மாட்டுப்பால் வாங்குபவர்கள் முதலில் காய்ச்சி, ஆறவைத்து, ஆடை எடுத்து, பிரிட்ஜில் வைத்து, அப்புறம் திரும்பவும் மெஷினில் சூடேற்ற வேண்டும். விருந்தாளி வந்தால் செய்யலாம், தினமும் யார் செய்வது?

சிக்கரிக்கும் இந்த மெஷினுக்கும் ஆகவே ஆகாது. சிக்கரி தண்ணீர் பட்டதும் பிசுபிசுத்து, நுண்ணிய வலையின் துளைகளை அடைத்துக்கொள்ளும். அதனால் எஸ்பிரெசோ வாங்கும் வீட்டில் தூள் இரண்டு டப்பாவாகும்: மெஷினுக்குச் சுத்தக் காபி, பெரியவர்களுக்கு வழக்கமான தூள். செலவும் வேறு. ஃபில்டரில் டம்ளருக்கு ஏழு, எட்டு கிராமில் முடிந்த காரியத்துக்கு இதில் ஒரு டபுள் ஷாட்டுக்கே 18 கிராம். ஐந்து பேருக்கு ஐந்து டபுள் என்றால் 90 கிராம். ஒவ்வொன்றாக இறக்கி, தட்டிக் கொட்டி, துடைத்து, மறுபடியும் நிரப்பி… பள்ளிப் பேருந்து போய்விடும்.

ரிப்பேர் என்று வந்தால் கம்பெனி ஆள் மலை ஏறி வருவார் என்ற நம்பிக்கை வேண்டாம். பெரும்பாலான கம்பெனிகளுக்கு மதுரையில்தான் சர்வீஸ் சென்டர். நூறு கிலோமீட்டருக்கு மேல், அதிலும் பாதி கொண்டை ஊசி வளைவு. ரப்பர் வளையம், வடிகட்டி இரண்டும் தேய்கிற சாமான்கள். மெஷினோடு சேர்த்தே உபரியாக ஒரு ஜோடி வாங்கி வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

பட்டனைத் தட்டினால் கொட்டையை அரைத்து, காபி இறக்கி, பாலும் நுரைத்துக் கொடுக்கும் முழு ஆட்டோமேட்டிக் மெஷின்கள் நாற்பதாயிரத்திலிருந்து லட்சத்தைத் தாண்டியும் போகின்றன. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே சக்கை விழும் பெட்டியை மூடுபனி மாதங்களில் இரண்டு நாள் மறந்தால் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கும். வார இறுதிக்கு மட்டும் மலை வீட்டுக்கு வந்து போகிறவர்கள் இதை வாங்கவே கூடாது.

ஒரு கோப்பைக்கான தூளை அடைத்த சின்ன டப்பியைப் போட்டு இறக்கும் கேப்ஸ்யூல் மெஷின் பற்றி என் கருத்து சுருக்கமானது. ஒரு கேப்ஸ்யூலுக்குள் இருப்பது ஐந்தாறு கிராம் காபி. அதற்கு நாம் கொடுக்கும் விலையில் தாண்டிக்குடிக் காபியை அதைப்போலப் பல மடங்கு வாங்கலாம். குடித்த பிறகு கையில் மிஞ்சுவது ஈரச் சக்கை அடைத்த அலுமினியமோ பிளாஸ்டிக்கோ. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் தண்ணீர் பாட்டிலையே சோதனைச்சாவடியில் பிடுங்கி வைக்கிறார்கள். காபிச்சக்கை ரோஜாச் செடிக்குப் போக வேண்டிய ஊரில் இது எனக்கு ஒப்பவில்லை.

எந்த வழியில் போனாலும், அதற்கு முன்னால் ஒரு செலவு இருக்கிறது: கிரைண்டர். மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவாகவும் பாதி நொய்யாகவும் வரும். மாவு கசக்கும், நொய் புளிக்கும். பல்சக்கரம் உள்ள கையால் சுற்றும் கிரைண்டர் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. நல்ல கிரைண்டரும் சாதாரண ஃபில்டரும் சேர்ந்து தருவதைப் பழைய தூள் போட்ட விலையுயர்ந்த மெஷின் தராது. மலையில் இதற்கு இன்னொரு அவசியமும் உண்டு. பனியும் ஈரமும் நிறைந்த காற்றில் திறந்து வைத்த தூள் கட்டி தட்டிவிடும். சிக்கரி ஈரத்தை இழுக்கும் என்பதால் கலவைத் தூள் இன்னும் சீக்கிரம். கொட்டையாக வாங்கி அன்றன்றைக்கு அரைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அரைத்தே வாங்குவதென்றால் கால் கிலோவுக்கு மேல் வேண்டாம்.

கொட்டைக்கு நாம் அலைய வேண்டியதும் இல்லை. தாண்டிக்குடி, பெரும்பாறை, பாச்சலூர், ஆடலூர் என்று கீழ்ப்பழனி மலை முழுக்க மிளகுக்கொடிக்கும் மலை வாழைக்கும் நடுவே அரபிகா விளைகிறது. காபி போர்டின் ஆராய்ச்சி நிலையமே தாண்டிக்குடியில் இருக்கிறது. வறுத்துக் கொடுக்கும் தோட்டக்காரர்களிடம் 'பிளான்டேஷன் ஏ' (கழுவிப் பதப்படுத்திய அரபிகாவில் பெரிய கொட்டை ரகம்) கேட்டு வாங்குங்கள். பீபரிதான் உசத்தி என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைந்த கொட்டை, அவ்வளவுதான். வறுவல் சீராக விழும், விலையும் கூடும். கடைத்தூள் வாங்கினால் பாக்கெட்டின் பின்புறத்தைப் படியுங்கள். சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்க வேண்டும். 51-லேயே நிற்கும் தூளுக்கு எந்த மெஷின் வாங்கினாலும் ஒன்றுதான்.

இவ்வளவையும் வைத்து யாருக்கு எது என்று கேட்டால் என் பதில் இப்படி இருக்கும். பண்ணைக்காட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் உள்ள வீடு, கரண்ட் நம்பிக்கையில்லை, கொல்லையில் பத்துச் செடி காபி இருக்கிறது: மோகா பாட்டும் கைக் கிரைண்டரும். வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிற குடும்பம்: எலக்ட்ரிக் டிகாஷன் மெஷின், கரண்ட் போன நாளுக்குப் பழைய ஃபில்டர். கறுப்புக் காபியை ரசித்துக் குடிப்பவர், காலையில் அரைமணி நேரம் அதற்கென்றே ஒதுக்கக் கூடியவர், தனி ஆள்: அவர் எஸ்பிரெசோ வாங்கட்டும், ஸ்டெபிலைசரோடு.

ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் மட்டும் வேறு கணக்குப் போட வேண்டும். பெங்களூரிலிருந்து வருகிறவர் கப்புச்சீனோ கேட்பார் என்று பயந்து வீட்டு மெஷினை வாங்கி வைத்து, சனி, ஞாயிறு நாற்பது கோப்பை இறக்கினால் அது ஒரு சீசனைத் தாண்டாது. வீட்டு உபயோகத்துக்கு என்று போட்டிருக்கும் பொருளை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் வாரன்டியும் பொதுவாகச் செல்லாது. பில் போடும்போதே கேட்டுவிடுங்கள். மூன்று அறைக்குள் உள்ள இடமென்றால், பெரிய பித்தளை ஃபில்டரில் இறக்கிய தாண்டிக்குடிக் காபியை டபரா டம்ளரில் கொடுத்துப் பாருங்கள். கப்புச்சீனோ அவர்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது.